எல்லைக்கல் நடந்த காலை

பேரரசின் எல்லையோரத்துக் கடைசிச் சந்தையில் எல்லைக்கல் நடக்கும் என்பதைத் தலைநகரத்தார் எவரும் நம்புவதில்லை. இரவில் அது தன் குழியிலிருந்து எழுந்து, மேயும் எருமையின் அவசரமற்ற நடையில் எங்கேனும் போய் நின்றிருக்கும். விடிந்ததும் உருளைக்கட்டைகளும் கடப்பாரையும் கொண்டு அதைக் கிணற்றடிக்குத் தள்ளிவந்து மறுபடியும் குழியில் இறக்க வேண்டும். பிறகு சந்தைத் தலைவியும், கணவாய்க்கு அப்பாலிருந்து வந்த யாரேனும் ஒருவரும் கல்லின்மேல் ஆளுக்கொரு கை வைத்து, "இதுவரை" என்பார்கள். அன்று பொழுது சாயும்வரை கல் அசையாது. சந்தை திறக்கும்.

கல் கிணற்றின் கைப்பிடிச் சுவரை ஒட்டி நின்றதால், எல்லைக்கோடு கிணற்றின் நடுவே ஓடியது. ஒரே தண்ணீரை இரண்டு நாட்டார் இரண்டு கயிறுகளால் இறைத்தார்கள். உப்பும் கம்பளியும் சுமந்து வறண்ட கணவாயைக் கடந்து வரும் மாடுகளுக்கு வழியில் வேறு நீர் கிடையாது.

புதிதாக வந்த ஆணையர் கொண்டுவந்த வரைபடத்திலோ கிணறு முழுவதும் பேரரசுக்குள் இருந்தது.

எடைமண்டபத்து மாடியில், ஈரச் சாக்கும் பதனிட்ட தோலும் மணக்கும் தன் அறையில், தலைவி அந்தப் படத்தைப் பார்த்தாள். அது சுருண்டுகொள்ளாதபடி நான்கு மூலையிலும் எடைக்கற்களை வைத்திருந்தார் ஆணையர்.

"நாளைக் காலையில கல்லு கிணத்துக்கு அந்தப் பக்கம் போகணும்மா. தண்ணி வேணும்னா அவங்க நம்மகிட்ட அனுமதிச் சீட்டு வாங்கட்டும்."

"சீட்டு யாருக்குக் கிடைக்கும்ங்க ஐயா?"

"நாங்க நம்பறவங்களுக்கு."

"அப்ப மாடு வழியிலயே நாக்குத் தள்ளிச் செத்துடும். அடுத்த சந்தைக்கு இங்க காக்கா கூட வராது."

"அது என் கவலை. நீங்க எனக்குக் கீழ வேலை பாக்கறீங்க, அதை மறந்துட வேண்டாம்."

"இந்தப் பதவித் தலைப்பாகை உங்க அரசு குடுத்ததுங்க. வேலை அவங்க குடுத்தது." அவள் சன்னலைக் காட்டினாள். சந்தை முற்றத்தில் பானைக்காரி ஒருத்தி யாரோ ஒருவனை உரக்கத் திட்டிக்கொண்டிருந்தாள். "கையைத் தூக்கி என்னைத் தேர்ந்தெடுத்தவங்க. கல்ல நகர்த்த மாட்டேன்."

ஆணையர் வாதத்தை நீட்டவில்லை. முத்திரை குத்தும் மேசையில் அமர்ந்திருந்த தலைவியின் தம்பியைத் திரும்பிப் பார்த்தார். "நீ வைப்பியா?"

தம்பி அக்காவின் முகத்தைத் தவிர்த்துச் சம்மதமாகத் தலையசைத்தான். ஆணையர் இறங்கிப் போனதும் தாழ்ந்த குரலில் சொன்னான்: "நான் வெச்சுட்டா அவர் கோபம் தணிஞ்சுடும்க்கா. உன் பதவி தப்பிக்கும்."

"என் பதவியைக் காப்பாத்த என் வேலையைக் கெடுக்கறியாடா?"

விடிந்ததும் அவன் கடப்பாரையோடு நின்றான்.

கலவரம் வரக்கூடும் என்ற முன்யோசனையில், எல்லைக்கு அப்புறத்தார் அனைவரையும் கணவாய் வாயிலிலேயே வீரர்கள் தடுத்து நிறுத்தியிருந்தார்கள். கிணற்றுக்கு அப்பால் வெட்டிய புதுக் குழியில் கல் இறங்கியது. தம்பி ஒரு கை வைத்தான். மறு கையை ஆணையரே வைத்தார். "இதுவரை" என்று இருவரும் சொன்னார்கள்.

கல் குழியை விட்டு ஏறி, பட்டப்பகலில், சந்தைக்குள் நடக்கத் தொடங்கியது.

"என் பானை! என் பானை! யோவ், அதைப் புடிங்கய்யா!"

"எதைப் புடிக்கறது? அதுக்கென்ன வாலா இருக்கு?"

வீரர்கள் கயிறு வீசிப் பிணைத்தார்கள். கல் கயிற்றையும், அதன் மறுமுனையில் வீரர்களையும் இழுத்துக்கொண்டு பானை வரிசையின் நடுவே போயிற்று. "நல்லா ஏர் ஓட்டறீங்கப்பா, விதைக்கறது எப்போ?" என்று தோல் வியாபாரி கேட்டார். சிரிப்பு அடங்குமுன் ஒன்று தெளிவாயிற்று. கல்லின் பாதை, முற்றத்தின் மறுகோடியில் ஆணையர் அடித்திருந்த கூடாரத்தை நேராக நோக்கியிருந்தது.

"இது ஏன் நிக்கல?" என்று ஆணையர் சீறினார்.

"எல்லைன்னா ரெண்டு பக்கத்தாரும் ஒத்துக்கறதுங்க ஐயா," என்றாள் தலைவி. "கை வெச்ச நீங்க ரெண்டு பேருமே ஒரே பக்கம்."

உடனே கணவாய் வாயிலிலிருந்து அப்புறத்து உப்புக்காரி ஒருத்தியை அழைத்து வந்தார்கள். பின்னால் அவளுடைய மாடுகள், வாயோரம் நுரை காய்ந்து, கிணற்றின் மணத்துக்கு மூக்கை நீட்டியபடி நின்றன. ஆணையரின் குரல் கனிந்தது. "புதுக் குழியில வெச்சதும் கை வெச்சு ஒரு வார்த்தை சொல்லும்மா. முதல் தண்ணி உன் மாட்டுக்குத்தான்."

உப்புக்காரி தன் மாடுகளைப் பார்த்தாள். அவள் தலை சம்மதமாக மெல்ல அசையத் தொடங்கியது. அவளைக் குற்றம் சொல்ல அங்கே யாருக்கும் மனம் வரவில்லை.

தலைவி கிணற்றடிக்குப் போனாள். வாளியை இறக்கி, இறைத்து, தூக்கிக்கொண்டு நடந்தாள். ஒரு வீரன் ஈட்டியைக் குறுக்கே நீட்டினான்.

"குத்தணும்னா குத்துப்பா. தண்ணியை மட்டும் சிந்திடாதே."

அவன் ஆணையரைப் பார்த்தான். ஆணையர் கூடாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஈட்டி தாழ்ந்தது. தலைவி வாளியை முதல் மாட்டின் முன் வைத்து உப்புக்காரியிடம் திரும்பினாள். "தண்ணிக்காக எதுவும் சொல்லாதே தங்கச்சி. தண்ணி இதோ இருக்கு. இப்ப உனக்கு எது சரின்னு படுதோ அதைச் சொல்லு."

உப்புக்காரி கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். "முடியாதுங்க."

"உன் பதவி போச்சு!" என்று ஆணையர் தலைவியைப் பார்த்துக் கத்தினார். 'அம்மா'வும் 'நீங்க'வும் காற்றில் பறந்திருந்தன.

அவள் தலைப்பாகையை அவிழ்த்து, ஒழுங்காக மடித்து, அவர் கையில் கொடுத்தாள். "உங்க பொருளை எடுத்துக்கங்க. மத்ததை அவங்ககிட்டக் கேளுங்க."

பானைக்காரி கையை உயர்த்தினாள். அதில் உடைந்த பானையின் கழுத்து இன்னும் இருந்தது. தோல் வியாபாரி உயர்த்தினார். கயிற்றைப் பிடித்திருந்த வீரர்களைத் தவிர்த்து முற்றமெங்கும் கைகள் எழுந்தன. தம்பி கடப்பாரையைத் தரையில் ஊன்றி, கடைசியாக, அக்காவை நேருக்கு நேர் பார்த்தபடி தன் கையைத் தூக்கினான்.

கூடாரத்தின் முதல் கால் முறிந்தது.

"சரி, இன்னைக்கு மட்டும்," என்றார் ஆணையர். "இன்னைக்கு மட்டும் பழைய இடத்துல வை."

"நாங்க என்னைக்குமே அன்னன்னைக்குத்தான் வைக்கிறோம்ங்க ஐயா."

இரண்டாவது கால் முறிந்தது. துணி மெல்லச் சரிந்து கல்லைப் போர்த்தியது. கல் போர்வையோடே நடந்தது.

"சீக்கிரம் வாம்மா!" என்று ஆணையர் அலறினார்.

தலைவி வாளியோடு மறுபடியும் கிணற்றை நோக்கி நடந்தாள். உப்புக்காரி கூடவே போய் அப்புறத்துக் கயிற்றைப் பிடித்தபடி சொன்னாள்:

"மாடெல்லாம் குடிச்சு முடிக்கட்டும்ங்க."