காந்தாவின் அளவு ஜாக்கெட்

துர்கா கடைக்குள் நுழைந்த வேகத்தைப் பார்த்ததுமே மெஹர் பானு கையிலிருந்த கத்தரியைக் கீழே வைத்துவிட்டாள். மறுநாள் சாயங்காலம் துர்காவுக்குக் கல்யாண ரிசப்ஷன். தைத்த ஜாக்கெட்டை வாங்கிக்கொண்டு போக வந்திருக்கிறாள். பையைப் பிரித்தால் பூகம்பம்தான் என்பது மேற்குத் தாம்பரத்தில் தையல் கடை வைத்திருக்கும் மெஹருக்குத் துணியில் கத்தரி வைத்த அன்றைக்கே தெரியும். தெரிந்தேதான் தைத்தாள்.

தப்பு ஆரம்பித்தது துர்காவின் அம்மா காந்தாவிடம். பத்து நாள் முன்பு, பத்திரிகை வைக்கிற அவசரத்தில் ஊரப்பாக்கத்திலிருந்து ரயிலேறி வந்தவள், கடையில் மெஹர் இல்லாததால் அவள் கணவர் கிபாயத்துல்லாவிடம் பையைக் கொடுத்துவிட்டு ஓடிவிட்டாள். உள்ளே கரும்பச்சைப் பட்டுத் துணியும், அளவுக்கு ஒரு பழைய ஜாக்கெட்டும். அளவு ஜாக்கெட்டைக் கொடுத்தால் போதாது, கழுத்து எப்படி, கை எப்படி என்று வாயைத் திறந்து சொல்லவும் வேண்டும். காந்தா சொல்ல மறந்தாள். கிபாயத்துல்லா கேட்க மறந்தார். அவர் செருப்பு வியாபாரம் செய்கிறவர், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. வாடிக்கையாளர் ஒன்றும் சொல்லாவிட்டால் அளவு ஜாக்கெட்டில் இருக்கிறபடியே தைத்துவிடுவது மெஹரின் கடை வழக்கம்.

பையைப் பிரித்துப் பார்த்த மெஹர் அசந்துபோனாள். ஜாக்கெட்டின் கையைப் பார்த்தே அது எந்தக் காலத்தது என்று சொல்லிவிடுகிறவள் அவள். பதினாறு வருஷமாகப் பழையதைப் பிரித்துத் தைத்த அனுபவம். கை முழங்கை வரை ஒட்டிப் பிடித்து, கழுத்தும் ஏறியிருந்தால் அறுபதுகள். பஃப் வைத்து அதன் கீழே இரண்டங்குல ஜரிகை ஓடினால் எண்பதுகள். தொளதொளவென்று முழங்கையை எட்டினால் தொண்ணூறுகளில் பள்ளிக்கூடம் போன யாரோ டீச்சரம்மா. இதுவோ சுத்தமான எழுபதுகள். தோளுக்குத் தோள் நேராக ஓடுகிற போட் நெக். முதுகில் கொக்கி. முழங்கையில் முடிகிற கையின் ஓரத்தில் குட்டியாக ஒரு ஃப்ரில். எந்த மகராசன் வெட்டினானோ, ஒரு சுருக்கம் கிடையாது.

இப்போது இரண்டாயிரத்து ஆறில் வருகிற கல்யாணப் பெண்கள் எல்லோரும் கேட்பது ஒன்றையேதான். நாலங்குலக் கை, பாதி முதுகு திறந்து, முடிச்சில் குஞ்சம். தைத்துத் தைத்து மெஹருக்கு அலுத்துவிட்டது. காந்தாவுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். செல் மேஜைமேல்தான் கிடந்தது. கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களே! அந்தப் பயத்தில் கேட்கவில்லை. வழக்கம்தானே என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு கத்தரியை எடுத்துவிட்டாள். நாலு நாள் வேலை. ஃப்ரில்லை மட்டும் மூன்று தடவை பிரித்துத் தைத்தாள்.

துர்கா பையைப் பிரித்தாள்.

"அக்கா, என்னக்கா இது? ஷார்ட் ஸ்லீவ், டீப் பேக், நாட் வேணும்னு அம்மாகிட்ட படிச்சுப் படிச்சு சொன்னேனே!"

"அம்மா ஒண்ணுமே சொல்லல கண்ணு. அளவு ஜாக்கெட்ல இருந்தபடி தைச்சிட்டேன்" என்று பழையதை எடுத்துக் காட்டினாள் மெஹர்.

துர்கா தலையில் கை வைத்துக்கொண்டாள். அது அம்மா எழுபத்தெட்டில் தன் கல்யாணத்துக்குத் தைத்தது. போன மாசம் அதை விளையாட்டாகப் போட்டுப் பார்த்தபோது கச்சிதமாகப் பொருந்தியது. கல்யாணத்துக்காகப் பட்டினி கிடந்து இளைத்ததில் துர்காவின் சொந்த ஜாக்கெட் எல்லாமே தொங்கிக்கொண்டிருந்தன. அளவை மட்டும் யோசித்த காந்தா இதைத் தூக்கிப் பையில் போட்டுவிட்டாள்.

"நாளைக்கு மேடவாக்கத்துலேருந்து அவரோட அக்கா சத்யப்ரியா வருவாங்க. எப்பவும் டிசைனர் வேர்தான். என்னைப் பார்த்து சிரிப்பாங்கக்கா." துர்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

மெஹருக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. "தப்பு என்னுதும்தான். போன் போட்டுக் கேட்டிருக்கணும், வேணும்னேதான் கேக்கல. எனக்கு இதைத் தைக்கணும்னு ஆசையாயிடுச்சு. அரை மணி நேரம் குடு. கையை வெட்டி, முதுகை இறக்கி, நீ கேட்டபடியே குடுத்துடறேன். ஒரு தடவை போட்டுக்கினு நில்லு, குறிச்சிக்கிறேன்." சொல்லிவிட்டு மேஜைமேல் சாக்பீஸைத் தேடினாள்.

துர்கா திரைக்குப் பின்னால் போனாள். பூ ஆர்டர் கொடுத்துவிட்டு மூச்சிரைக்க வந்து சேர்ந்த காந்தாவுக்கு விஷயம் புரிய ஒரு நிமிஷம் ஆனது.

"ஐயையோ, எனுக்கு இன்னா தெரியும்? ஃபிட்டா கீதேன்னு எடுத்தாந்துட்டேன். வெட்டிடு பானு, பொண்ணு ஆசைப்பட்ட மாதிரியே பண்ணிடு."

"அம்மா, பின்னால கொக்கி எட்டல" என்று திரைக்குள்ளிருந்து குரல் வந்தது.

காந்தா உள்ளே போய் ஒவ்வொரு கொக்கியாக மாட்டிவிட்டாள். துர்கா வெளியே வந்து கண்ணாடி முன் நின்றாள். முதுகில் கொக்கி விழுந்ததும் தோள் தானாக நிமிர்ந்துவிட்டது. கழுத்து நீண்டு தெரிந்தது. வலப்பக்கம் திரும்பினாள், இடப்பக்கம் திரும்பினாள். கையைத் தூக்கி ஃப்ரில்லை ஒரு ஆட்டு ஆட்டினாள். அழுகிற முகத்தில் சிரிப்பு எட்டிப் பார்த்தது. மெஹர் சாக்பீஸைப் பிடித்தபடி பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, அதைக் கீழ வைங்க" என்றாள் துர்கா. "சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டும்."

கடையில் தைரியமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். இரவெல்லாம் தூங்காதது மெஹர்தான். மறுநாள் ஜி.எஸ்.டி. ரோடு மண்டபத்தில் பரிசுப் பொட்டலத்தோடு வரிசையில் போய் நின்றாள். சரியாக அப்போதுதான் சத்யப்ரியா மேடை ஏறினாள். துர்காவை மேலும் கீழும் பார்த்தாள். தோளைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றவிட்டு முதுகைப் பார்த்தாள். மெஹர் வரிசையில் முன்னால் நின்றவரின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டாள்.

"ஏய், எந்த பொட்டிக் இது? நானும் சென்னை முழுக்க சுத்தறேன், இந்த மாதிரி பார்த்ததே இல்ல. எனக்கும் ஒண்ணு வேணும், இப்பவே சொல்லிட்டேன்!"

அதோடு மேடை பெண்கள் ராஜ்ஜியம் ஆகிவிட்டது. ஐம்பது தாண்டிய அத்தைமார்கள் ஒவ்வொருவராக ஏறி அந்தக் கையைத் தொட்டுப் பார்த்தார்கள். "நான் காலேஜ் சேர்ந்தப்போ இதேதான்டி" என்றாள் ஒருத்தி. "என் நிச்சயதார்த்தத்துக்கு மஞ்சள்ல" என்றாள் இன்னொருத்தி. சின்னப் பெண்கள் செல்லில் படமெடுத்தார்கள். மாப்பிள்ளை மதியழகன் கையில் எலுமிச்சம்பழத்தோடு ஓரத்தில் தனியாக நின்றார். அவரை யாரும் சட்டை செய்யவில்லை.

ஒருவழியாக மெஹரின் முறை வந்தது. பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுச் சட்டென்று இறங்கப் போனாள். பதினாறு வருஷத்தில் எத்தனையோ கல்யாண ஆல்பங்களில் அவள் தைத்தது இருக்கிறது. அவள் ஒன்றில்கூட இல்லை.

துர்கா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"மேடம், நீங்க மாப்பிள்ளை சைடா, பொண்ணு சைடா?" என்று எங்கே நிற்க வைப்பது என்பதற்காகப் போட்டோகிராபர் கேட்டார்.

மெஹர் பதில் தேடுவதற்குள் துர்கா சத்தமாகச் சொன்னாள்: "எங்க வீட்டு ஆளு. இப்படி என் பக்கத்துல நிப்பாங்க."

மெஹர் நின்றாள். கண் துடைத்துக்கொண்டே இருந்ததால் அந்த ஒரு படத்தை மட்டும் போட்டோகிராபர் மூன்று தடவை எடுக்க வேண்டியிருந்தது.