அனுமதி பெற்ற படம்

அந்தப் பள்ளியின் நூலகர் அம்மாளுக்குப் பிள்ளைகள் வைத்திருந்த பெயர் 'மூலம் மேடம்'. எந்த ப்ராஜெக்ட்டைக் கொண்டுபோய் நீட்டினாலும் முதல் பக்கத்தைக்கூடப் புரட்டாமல், "மூலம் எங்கே?" என்பார். எங்கிருந்து எடுத்தாய், யார் எழுதியது, யார் வரைந்தது என்பதுதான் கேள்வியின் பொருள். அதைக் கேட்டதும் ஒன்பதாம் வகுப்புக்காரர்கள் ஏன் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடுகிறார்கள் என்பது அவருக்கு வெகுநாள் விளங்கவில்லை. ஒருநாள் மருந்துக்கடை வாசலில் ஒரு களிம்பு விளம்பரத்தை நின்று படித்தபோது விளங்கியது. அதற்காகச் சொல்லை மாற்றிவிடவில்லை. அவர் அப்படிப்பட்ட ஆள்.

முந்தின ஆண்டு மூன்று மாணவர்கள் ஒரே கட்டுரையை, ஒரே எழுத்துப்பிழையோடு, மூன்று வண்ண அட்டைகளில் கொடுத்து மூன்று பேருமே பரிசு வாங்கிவிட்டார்கள். விஷயம் வெளியே வந்ததும் தலைமையாசிரியர் பதிப்புரிமை பற்றிய ஒருநாள் பயிற்சிக்குப் போனார். மதியச் சாப்பாட்டுக்கு மேல் நடந்ததைத் தூங்கிக் கழித்துவிட்டுத் திரும்பி வந்து, வேலையை நூலகர் தலையில் கட்டினார்.

"பிள்ளைங்க ப்ராஜெக்ட்டுக்கு எதை எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது, எவ்வளவு எடுக்கலாம்னு ஒரு நோட்டீஸ் போட்டுடுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள."

வெள்ளிக்கிழமை காலையில் பதினான்கு விதிகள் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கின. அச்சும் ஓரத்துப் பூவேலையும் நூலகருடைய தம்பியின் கைவண்ணம். கடைத்தெருவில் அவனுக்கு ஒரு டிசைன் கடை இருந்தது. பள்ளியின் இணையதளம், சேர்க்கைக் கையேடு எல்லாம் அக்காவின் சிபாரிசில் அவனுக்கு வந்த வேலைகள்தான்.

நூலகம் மாடிப்படிக்கு அடியில் இருந்தது. உயரமானவர்கள் உள் அலமாரிக்குப் போகும்போது குனிந்துகொள்ள வேண்டும். இருந்த ஒரே சன்னல் சைக்கிள் கொட்டகையின் தகரத்தைப் பார்த்துத் திறந்தது. சேர்க்கைக் கையேட்டிலோ, 'எங்கள் நூலகம்' என்ற தலைப்பின் கீழ் இரண்டு ஆள் உயரச் சன்னல்களும், அவற்றின் வழியே வெயில் சரியும் நீண்ட மேசைகளும் இருந்தன. பிள்ளைகளைச் சேர்க்க வந்த பெற்றோர் யாராவது கையேட்டைப் பிடித்துக்கொண்டு, "இது எந்தப் பக்கம்?" என்று கேட்டால், "கட்டப் போறாங்க போலிருக்கு" என்று நூலகர் சொல்லிவைப்பார். யாரும் அவரிடம் அப்படிச் சொன்னதில்லை. அவரும் யாரிடமும் கேட்டதில்லை.

இந்த நிலையில்தான் எட்டாம் வகுப்பிலிருந்து 'ஏன்குட்டி' வந்தாள். எதற்கெடுத்தாலும் ஏன் என்று கேட்பதால் ஆசிரியர்களே வைத்த பெயர் அது. அவளுடைய ப்ராஜெக்ட், கட்டடங்களுக்குள் வெளிச்சம் வரும் விதம். நடுப்பக்கத்தில் ஒரு வாசகசாலையின் படம். கீழே, எடுத்தவர் பெயர், கிடைத்த முகவரி, நாள் எல்லாம் மணிமணியான எழுத்தில்.

கேட்கும் முன்பே மூலம் இருந்ததில் நூலகருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

"அனுமதி வாங்கினியா?"

"ஏன் மேடம்? ஸ்கூல் வேலைக்குக் கொஞ்சமா எடுத்துக்கலாம், பேர் போட்டா போதும்னு மூணாவது ரூல்ல இருக்கே?"

"கொஞ்சமா எடுக்கலாம். நீ முழுப் படத்தையும்ல எடுத்திருக்க."

"பாதிப் படம் போட்டா பாதி வெளிச்சம்தான் தெரியும் மேடம்."

நியாயமான பேச்சுதான். ஆனால் பின்னால் நான்கு பிள்ளைகள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நூலகர் விட்டுக்கொடுக்கவில்லை. எடுத்தவருக்குக் கடிதம் எழுதிக் கேட்கச் சொன்னார்.

"சரி மேடம். இன்னொரு டவுட்டு. ஒன்பதாவது ரூல்ல 'மூன்றாம் மாடிக் கணினி அறையில்'னு போட்டிருக்கு. நமக்கு மூணாவது மாடி எங்க இருக்கு?"

"கடிதத்தை முதல்ல எழுது," என்றார் நூலகர்.

ஏன்குட்டி எழுதினாள். நூலகர் இரண்டு இடத்தில் ஒற்று திருத்தி, பள்ளியின் முழுப் பெயரையும் இணையதள முகவரியையும் தாமே சேர்த்து, பள்ளி மின்னஞ்சலிலிருந்து அனுப்பிவைத்தார். அன்று முழுக்க அவருக்கு மனம் நிறைந்திருந்தது. ஊர் உலகத்தில் எத்தனை பள்ளிகளில் இப்படி ஒரு ஒழுங்கு இருக்கிறது என்று ஆய்வகக்காரரிடம் சொல்லவும் செய்தார்.

ஐந்தாம் நாள் பதில் வந்தது. ஏன்குட்டியையே சத்தமாகப் படிக்கச் சொன்னார்.

"அன்புள்ள மாணவிக்கு. தாராளமாகப் பயன்படுத்திக்கொள். வகுப்பு வேலைக்கு என் பெயரைப் போட்டிருந்தாலே போதும், கேட்டிருக்கக்கூடத் தேவையில்லை. ஆனாலும் கேட்டாய். இந்தப் படத்தை எடுத்துப் பதினொரு வருடம் ஆகிறது. இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. சந்தோஷத்தில் உங்கள் பள்ளி எப்படியிருக்கும் என்று இணையதளத்தைத் திறந்து பார்த்தேன்."

ஏன்குட்டி ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தொடர்ந்தாள்.

"அங்கே என் படத்தை இடவலம் திருப்பிப் போட்டு, 'எங்கள் நூலகம்' என்று எழுதியிருக்கிறது. அலமாரியில் புத்தகப் பெயர்கள்கூடக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பி இருக்கின்றன. கீழே 'அனைத்து உரிமைகளும் பள்ளிக்கே' என்றும் இருக்கிறது. உன் நூலகரிடம் இதையும் சொல்லிவிடு."

நூலகர் மேசை இழுப்பறையிலிருந்த கையேட்டை எடுத்துப் பிரித்தார். அதிலும் அதே படம்தான். அந்தப் புத்தகங்கள் ஏதோ அயல்மொழி என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தார்.

"ஆமா மேடம்," என்றாள் ஏன்குட்டி, ப்ராஜெக்ட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து. "என்னோடதுல வெளிச்சம் இடது பக்கத்துலேருந்து வருது. இதுல வலது பக்கத்துலேருந்து வருது. ஏன் திருப்பினாங்க?"

சாயங்காலம் பள்ளி விட்டதும் நூலகர் நேரே தம்பி கடைக்குப் போனார்.

"அந்தப் படம் ஏதுடா?"

"நெட்ல கிடந்துச்சுக்கா."

"கிடந்துச்சா? நடுத்தெருவுல கிடக்கறதுக்கு அது என்ன ஒத்தச் செருப்பா?"

"கோவப்படாதக்கா. உங்க லைப்ரரிய மூணு தடவ வந்து எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் மாடிப்படிதான் விழுந்துச்சு. நீயேதான 'எப்படியாவது நல்லாத் தெரியிற மாதிரி போட்டுடு'ன்ன?"

"அதுக்காக அடுத்தவங்க சொத்தை எடுத்துத் திருப்பிப் போடுவியா?"

"ஸ்கூல் வேலைக்கு எடுக்கலாம்னு உன் நோட்டீஸ்லயே இருக்கே."

"அது பிள்ளைங்க வகுப்புல செய்யிற வேலைக்குடா! ஆள் சேர்க்கிற விளம்பரத்துக்கு இல்ல!"

தம்பி நாற்காலியைத் திருப்பிக்கொண்டு, திரையைப் பார்த்தபடியே மெதுவாகக் கேட்டான். "அப்ப அந்தப் பதினாலு ரூலும் நீயே யோசிச்சு எழுதினதாக்கா?"

நூலகர் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். வேறெங்கோ ஒரு பெரிய பள்ளியின் தளத்திலிருந்து அப்படியே இறக்கி, பள்ளிப் பெயரை மட்டும் மாற்றி அவனிடம் கொடுத்திருந்தார். மூன்றாம் மாடி அந்தப் பள்ளியினுடையது. பெயரை மாற்றியபோது மாடியைக் கவனிக்கவில்லை. வீட்டுக்குப் போய் அந்த விதிகளை முதன்முறையாக முழுசாகப் படித்தார். நன்றாகத்தான் எழுதியிருந்தார்கள்.

மறுநாள் தலைமையாசிரியர் கடிதத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அந்தப் பொண்ண லெட்டர் எழுதச் சொன்னது யாரு?"

"நான்தான் சார். ரூல்ஸ் போடச் சொன்னீங்களே."

"ரூல்ஸ் பிள்ளைங்களுக்குப் போடச் சொன்னேன் மேடம். நமக்கா போடச் சொன்னேன்?" கொஞ்சநேரம் மின்விசிறியைப் பார்த்தார். "சரி, நாமளும் கல்வி நிறுவனம்தானே? கல்விப் பயன்பாடுன்னு எழுதிடுங்க."

"படிக்கிறதுக்கு எடுத்தா கல்வி சார். நம்ம கிட்ட வந்து படிங்கன்னு கூப்பிட எடுத்தா அது விளம்பரம். அஞ்சாவது ரூல்."

தலைமையாசிரியர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். சனிக்கிழமை ப்ராஜெக்ட் கண்காட்சி. பெற்றோர் எல்லாரும் வருவார்கள். ஒரே படம் கண்காட்சியிலும் கையேட்டிலும் இருந்தால் கண்ணில் படும். அதனால் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். கையேட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பிரச்சினை தீரும்வரை ஏன்குட்டியின் ப்ராஜெக்ட்டில் அந்தப் படத்தை எடுத்துவிட வேண்டும்.

"அனுமதி வாங்கினது அவ ஒருத்திதான் சார்."

"அதனாலதான் மேடம் சொல்றேன். அவ ஒருத்திதான் மாட்டிவிடுவா."

படத்தை எடுக்கச் சொல்லும் வேலையும் நூலகருக்கே வந்தது. நாற்பத்தாறு வயதில், பதின்மூன்று வயதுப் பெண்ணின் முகத்தைப் பார்க்க அவருக்குக் கூசியது. "ஏன் மேடம்?" என்றாள் அவள். நூலகர் பூசி மெழுகவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னார், மூன்றாம் மாடி உட்பட. ஏன்குட்டி ப்ராஜெக்ட்டைத் திறந்து அந்தப் பக்கத்தைப் பார்த்தாள்.

"படத்தை மட்டும் எடுத்தா போதுமா? கீழ எழுதினது இருக்கலாமா?"

"எழுதினதப் பத்தி யாரும் ஒண்ணும் சொல்லல," என்றார் நூலகர்.

சனிக்கிழமை கூடம் நிறைந்திருந்தது. நெருப்பைக் கக்கும் எரிமலைகள், சுழலும் கோள்கள், இணையத்திலிருந்து அள்ளி ஒட்டிய புலிகள். புலிகளை எடுத்தவர்கள் பெயர் ஒன்றிலும் இல்லை. அத்தனைக்கும் நடுவே ஒரு வெள்ளைக் கட்டம். அதன் கீழே எடுத்தவர் பெயர், பிறகு 'முறைப்படி அனுமதி பெற்றது' என்று கொட்டை எழுத்து.

எரிமலையைத் தாண்டி வந்தவர்கள் எல்லாரும் அந்தக் கட்டத்தின் முன்னால்தான் நின்றார்கள்.

"பாப்பா, இதுல படம் ஒண்ணும் இல்லையே?"

"இருந்துச்சு அங்கிள். எடுக்கச் சொல்லிட்டாங்க."

"ஏன்?"

வாழ்நாளில் முதன்முறையாக இன்னொருவர் தன்னிடம் அந்தச் சொல்லைக் கேட்டதில் அவளுக்கு ஏக உற்சாகம். முதலிலிருந்து தொடங்கிச் சொன்னாள். கடிதத்தையும் காட்டினாள். வந்தவர்களின் கையில் நுழைவாயிலில் கொடுத்த கையேடு இருந்தது. எல்லாரும் அதைப் பிரித்துப் பார்த்தார்கள். ஒருவர் தன் மனைவியின் கைக்கண்ணாடியை வாங்கி, புத்தகப் பெயர்களை அதில் காட்டி உரக்கப் படித்தார். பதினொரு மணிக்குள் கூடத்தில் விஷயம் அம்பலமானது தெரியாதவர் தலைமையாசிரியர் ஒருவர்தான். எல்லாரும் தம்மைப் பார்த்துச் சிரிப்பதை அவர் கண்காட்சியின் வெற்றி என்று எடுத்துக்கொண்டு, பதிலுக்குக் கைகூப்பிக்கொண்டிருந்தார். நூலகர் தூணோரமாக நின்று எல்லாவற்றையும் பார்த்தார். போய்த் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை.

திங்கட்கிழமை கையேடுகள் திரும்ப வாங்கப்பட்டன. இணையதளப் படமும் போயிற்று. அந்த இடத்தில் உண்மையான நூலகத்தின் படம் வந்தது, மாடிப்படியோடு. அந்த ஆண்டு சேர்க்கை ஒன்றும் குறைந்துவிடவில்லை. நூலகத்தைப் பார்த்துப் பிள்ளைகளைச் சேர்ப்பவர்கள் அவ்வளவு பேர் இல்லை என்பது நூலகருக்கு நிம்மதியாகவும் இருந்தது, வருத்தமாகவும் இருந்தது.

மன்னிப்புக் கடிதம் எழுதும் வேலை யாருக்கு வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. பழக்க தோஷத்தில் நூலகர் இணையத்தில் 'மன்னிப்புக் கடிதம் மாதிரி' என்று தேடினார். அருமையான ஒன்று கிடைத்தது. பாதிவரை பார்த்து எழுதிவிட்டு அதைக் கிழித்துப் போட்டார். பிறகு படத்தை எடுத்துப் போட்டது தம்பி, அந்த வேலையை அவனுக்கு வாங்கிக்கொடுத்தது தான், கேட்க வேண்டியதைக் கேட்காமல் இருந்ததும் தான் என்று ஒரு பக்கத்தில் எழுதினார். தலைமையாசிரியர் படித்துப் பார்த்து, 'மெய்யாக' என்ற சொல்லை 'உண்மையாக' என்று மாற்றிவிட்டு, நூலகரின் கையெழுத்துக்குக் கீழே தாமும் ஒன்று போட்டார்.

இரண்டு வாரம் கழித்துப் புகைப்படக்காரரிடமிருந்து பதில் வந்தது. மன்னிப்பை ஏற்றுக்கொண்டிருந்தார். அடியில் இன்னும் ஒரு பத்தி இருந்தது. தன் படங்களைக் கேட்காமல் எடுத்துப் போட்டிருக்கும் பள்ளிகள் இன்னும் பல இருக்கின்றனவாம். அவற்றுக்கெல்லாம் இந்தக் கடிதத்தை மாதிரியாக அனுப்ப விரும்புகிறாராம். எழுதியவர் அனுமதிக்க வேண்டும்.

நூலகர் அதை மூன்று தடவை படித்தார். தாம் எழுதிய ஒன்றுக்கு யாரும் அனுமதி கேட்டது அதுவே முதல் தடவை. தலைமையாசிரியரிடம் காட்டவில்லை. உடனே பதில் எழுதவும் இல்லை. யோசித்துச் சொல்வதாக ஒரு வரி மட்டும் அனுப்பிவிட்டு, இரண்டு நாள் நன்றாக யோசித்தார்.