ஆறு மணி மேசை

உல்லாசக் கப்பலில் ராச்சாப்பாட்டுக்கு ரெண்டு வழி உண்டு. ஒன்று, ஏறினதுமே உங்களுக்கென்று ஒரு மேசை ஒதுக்கிவிடுவார்கள். இறங்குகிறவரை அதே மேசை, அதே நேரம், பரிமாற அதே ஆள், எதிரே அதே முகங்கள். இன்னொன்று, பசித்த நேரத்துக்குப் போகலாம். பேர் கொடுத்துவிட்டுக் காத்திருந்து, எந்த மேசை காலியாகிறதோ அதில் முன்பின் தெரியாதவர்களோடு உட்காரலாம். நான் முதல் வகை. தலைகீழாக நின்றாலும் முதல் வகைதான். தினம் ஒரு புது ஆளிடம் "எந்த ஊரு, என்ன வேலை" என்று முதலிலிருந்து ஆரம்பிப்பதற்கு வீட்டிலேயே டிவி பார்த்துக்கொண்டு கிடக்கலாமே!

எங்களுக்கு ஊர் டெக்சாஸில் போமான்ட். வருஷத்துக்கு ஒரு தடவை நானும் என் புருஷன் டொயலும் கால்வெஸ்டன் துறைமுகத்தில் ஏறி, ஒரு வாரம் கடலில் கிடந்துவிட்டு வருவோம். ஓய்வு பெறுகிறவரை பெண்களுக்கு முடி வெட்டி, சாயம் போட்டு, சுருட்டிவிட்டவள் நான். முடி வெட்டுகிறவளிடம் எல்லாரும் எல்லாத்தையும் கொட்டிவிடுவார்கள். கொட்டாதவர்களைப் பார்த்தால்தான் எனக்கு உள்ளே குடைய ஆரம்பிக்கும், சோறு இறங்காது.

இந்தத் தடவை எங்களுக்கு நாலு பேர் மேசை. முதல் நாள் சாயங்காலம் நாங்கள் போனபோது ஒருத்தர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். ஆர்லிஸ் என்று பேர், ஓக்லஹோமா. ரயில் பாதைகளில் எந்த வண்டிக்கு எப்போது வழி விடுவது என்று உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்துக்கொள்கிற வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். இஸ்திரி கலையாத சட்டை, முகத்தில் ஒரு சோர்வு. நாலாவது நாற்காலி காலி. எங்களுக்குப் பரிமாறுகிற குஸ்டி, பாலித் தீவுப் பிள்ளை, அந்த நாற்காலிக்கு முன்னால் இருந்த தட்டையும் கிளாசையும் எடுக்கப் போனான். ஆர்லிஸ் சட்டென்று தட்டு மேல் கையை வைத்தார்.

"இருக்கட்டும் தம்பி. ஒருத்தர் வரலாம்."

"வரலாம்னா? வருவாங்களா, மாட்டாங்களா?" என்றேன்.

டொயல் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தான். நானும் திருப்பி மிதித்தேன்.

"அதுதாங்க எனக்கும் தெரியல," என்றார் ஆர்லிஸ்.

குஸ்டி விவரமானவன். "அவங்க என்ன குடிப்பாங்க சார்?" என்று மட்டும் கேட்டான். "தண்ணி. ஐஸ் போடாம," என்றார். அன்றிலிருந்து தினமும் எனக்கு எலுமிச்சை இல்லாத ஐஸ் டீ, டொயலுக்குக் கூடுதலாய் ஒரு ரொட்டி, காலி நாற்காலிக்கு ஐஸ் இல்லாத தண்ணீர். கேட்காமலே வந்துவிடும். ஒதுக்கின மேசையின் அருமையே இதில்தான் இருக்கிறது என்பேன்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வந்தால்தானே! வரப்போகிறது யார்? பொண்டாட்டியா, மகளா, கூடப்பிறந்தவளா? "உனக்கெதுக்கு மார்வா அந்த வேலை?" என்றான் டொயல். அவனுக்கென்ன, படுத்தால் குறட்டை.

மறுநாள் சூப் வருவதற்குள் கேட்டே விட்டேன்.

"என் மனைவி," என்றார் ஆர்லிஸ். "நோரீன். இதே கப்பல்லதான் இருக்கா."

"ஐயோ, உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கா. மேல, நினைச்ச நேரத்துக்குச் சாப்பிடுற ஹால்ல சாப்பிடுறா. ரூமும் தனி." வாய் துடைக்கிற துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "ஊர் திரும்பினதும் அவ தங்கச்சி வீட்டோட போய் இருந்துக்கிறேங்கிறா. போனா திரும்ப மாட்டா. நோரீனை எனக்குத் தெரியும். டிக்கெட் முன்னாடியே எடுத்தது, அதான் வந்தா. 'கப்பல் கரைக்கு வர்றதுக்குள்ள யோசிச்சுச் சொல்றேன்'னா. எந்த மேசைன்னு சொல்லியிருக்கேன். மனசு மாறினா வந்து உக்காரட்டும்."

எனக்குப் பாவமாகப் போய்விட்டது. இப்படி ஒரு மனுஷனை, நாற்காலி போட்டுக் காத்திருக்கிறவனை, ஒருத்தி தவிக்க விடுவாளா? டொயல் எனக்காக ஒரு தடவை காத்திருந்தால் நான் கேலண்டரில் குறித்துவைப்பேன். வாசல் பக்கம் ஒரு பெண் நுழைந்தால் போதும், அன்றிலிருந்து நானும் டொயலும் சேர்ந்தே திரும்பிப் பார்த்தோம். ஆர்லிஸ் மட்டும் திரும்பமாட்டார். ஆறு மணிக்கு உட்காருவார், சூப் வந்தால் குடிப்பார், மீன் வந்தால் சாப்பிடுவார். எல்லாம் அந்தந்த நேரத்துக்கு நடக்கும்.

அடுத்த நாள் சாப்பாட்டுக்கூடத்து மேனேஜர் வந்தாள். ஒதுக்கின மேசையில் நாற்காலி சும்மா கிடந்தால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவது வழக்கம்.

"சார், மேல வரிசையில நிக்க முடியாம ஒரு அம்மா கஷ்டப்படுறாங்க. முழங்கால்ல ஆபரேஷன் ஆனவங்க. அந்த இடத்தைக் கொடுத்துடலாமா?"

ஆர்லிஸ் முகம் வெளிறிப் போனது. "கடைசி நாள் வரைக்கும் விட்டு வைங்கம்மா. தயவு பண்ணுங்க."

ரயிலுக்கு வழி விட்ட மனுஷன் ஒரு நாற்காலிக்குக் கெஞ்சுகிறார்! என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த நோரீனைப் பார்த்தால் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

கேட்கவும் செய்தேன். எப்படி என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

மெக்சிகோவில் கோசுமேல் தீவில் பழைய கோயில் பார்க்கக் கூட்டிப்போன பஸ் பாதி வழியில் டயர் வெடித்து நின்றுவிட்டது. கப்பல் எங்களை விட்டுவிட்டுப் போகவில்லை, ஆனால் ஆறு மணிச் சாப்பாடு போய்விட்டது. நேரம் தவறினால் ஒதுக்கின மேசை கிடையாது, மேலேதான் போகவேண்டும். டொயல் இடுப்பு வலி என்று ரூமில் போய் விழுந்தான். நான் மட்டும் மூக்கைச் சுளித்துக்கொண்டு போய் வரிசையில் நின்றேன். பேர் கூப்பிட்டு ஒரு பெரிய மேசையில் உட்கார வைத்தார்கள். ஒரு புறம் ஹனிமூன் ஜோடி, அவர்களுக்கு நான் இருப்பதே தெரியவில்லை. மறு புறம் நரைமுடியைக் குட்டையாய் வெட்டின ஒரு அம்மாள். வெட்டு நன்றாக இருந்தது, அதைச் சொன்னேன். பேச்சு பிடித்துக்கொண்டது.

"உங்களை இங்க பார்த்ததில்லையே," என்றாள்.

"நான் கீழ, ஆறு மணி மேசை. இங்க எப்படித்தான் சாப்பிடுறீங்களோ! எங்க மேசையில ஒரு மனுஷன் இருக்கார் பாருங்க..." என்று ஆரம்பித்து, நாற்காலி, மேனேஜர், கெஞ்சினது எல்லாத்தையும் ஒன்று விடாமல் சொன்னேன். "கட்டினவன் அப்படித் தவிக்கிறான், அவ இங்க மேல் ஹால்ல உக்காந்து இறால் தின்னுட்டிருக்கா. கல்நெஞ்சுக்காரி!"

அந்த அம்மாள் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். அதில் ஒரு இறால் குத்தியபடி இருந்தது.

"அந்தக் கல்நெஞ்சுக்காரி நான்தாங்க," என்றாள்.

மேசை அப்படியே பிளந்து என்னைக் கடலுக்குள் இறக்கிவிடக் கூடாதா என்றிருந்தது. எழுந்து ஓடலாம் என்றால் பரிமாறுகிறவன் அந்த நேரம் பார்த்து என் தட்டைக் கொண்டுவந்து வைக்கிறான்.

"உக்காருங்க, உக்காருங்க. நீங்க இல்லாததையா சொன்னீங்க?" கோபப்படுவாள் என்று பார்த்தால், அவளுக்கும் என்னை மாதிரியே தெரிந்துகொள்கிற அரிப்பு. "என் இடத்துல தண்ணி வைக்கிறாங்களா என்ன?"

"தினமும். ஐஸ் போடாம. அவர்தான் சொன்னார்."

"அதெல்லாம் ஞாபகம் வச்சிருக்காரா!" முள்கரண்டியைத் தட்டோரமாய் நகர்த்தினாள். பிறகு, "நான் வரலைன்னதும் சாப்பிடாம இருக்காரா, சாப்பிடுறாரா?" என்று கேட்டாள்.

பொய் சொல்ல வாய் வரவில்லை. "சாப்பிடுறார். சூப் வந்ததும் குடிச்சுடுறார்."

"அதானே!" என்று சிரித்தாள். சந்தோஷமான சிரிப்பு இல்லை. "நான் ஆஸ்பத்திரி நர்ஸ். எங்க வேலைக்கு ஏதுங்க மணி? ஒரு நாள் ஏழு, ஒரு நாள் ஒன்பது. வீட்டுக்கு வந்தா அவர் ஆறு மணிக்கே சாப்பிட்டுத் தட்டைக் கழுவிக் கவுத்திருப்பார். எனக்கு ஒரு தட்டு போட்டு, அலுமினியத் தாள் சுத்தி, ஓவன் அடுப்புல வச்சிருப்பார். ஒரு நாள் கூடத் தவறினதில்ல. குத்தம் சொல்ல முடியுமா? யார்கிட்ட சொன்னாலும் 'தங்கமான புருஷன்'ம்பாங்க. ஆனா நான் காலமெல்லாம் மூடி வச்ச தட்டோடதாங்க குடித்தனம் பண்ணேன்."

நான் வாயைத் திறக்கவில்லை. என் சரித்திரத்தில் அது அபூர்வம்.

"இப்ப நாற்காலி போட்டு வச்சிருக்கார். எத்தன மணிக்கு? அவரோட ஆறு மணிக்கு. எங்க? அவரோட மேசையில. அதுவும் மூடி வச்ச தட்டுதாங்க." இறாலை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். "நான் இப்பத்தான் எனக்குப் பசிக்கிற நேரத்துக்குச் சாப்பிடுறேன். அதுல நாலு பேரோட பேசிக்கிட்டே வேற. நல்லாத்தான் இருக்கு."

இதை அவரிடம் சொல் என்றும் சொல்லவில்லை, சொல்லாதே என்றும் சொல்லவில்லை.

மறுநாள் ஆறு மணி மேசையில் உட்கார்ந்தபோது என் நாக்கு நெருப்பாய் எரிந்தது. "வாயை மூடிக்கிட்டு இரு," என்று டொயல் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். சாலட் வரை தாக்குப் பிடித்தேன். அப்புறம் முடியவில்லை, கொட்டிவிட்டேன். தட்டு, தாள், ஓவன், ஒன்பது மணி, எல்லாம்.

ஆர்லிஸ் மென்றுகொண்டிருந்ததை விழுங்கவே நேரமாயிற்று.

"சூடு ஆறக்கூடாதுன்னுதானே மூடி வச்சேன்?" என்றார் என்னைப் பார்த்து. "அது தப்பா?"

"எனக்கென்ன தெரியும்? நான் முடி வெட்டுறவ," என்றேன்.

"அவளுக்காகக் காத்திருக்கணும்னு எனக்குத் தோணவே இல்லீங்க. ஆறு மணின்னா ஆறு மணி. வண்டிக்கு நேரம் தவறினா பின்னால வர்ற அத்தனை வண்டியும் நிக்கும். அப்படியே பழகிட்டேன்." அதற்கு மேல் அவர் சாப்பிடவில்லை. குஸ்டி வந்து, "மீன் பிடிக்கலியா சார்? வேற கொண்டு வரட்டுமா?" என்று மூன்று தடவை கேட்டுவிட்டுப் போனான்.

கடைசி நாள். விடிந்தால் கால்வெஸ்டன். பரிமாறுகிறவர்கள் எல்லாரும் துணியைச் சுழற்றிக்கொண்டு பாடி ஆடி விடை கொடுக்கிற சாயங்காலம் அது. ஆர்லிஸ் ஆறு மணிக்கு வந்தார், ஆனால் உட்காரவில்லை. நாற்காலி முதுகைப் பிடித்தபடி நின்று மேனேஜரைக் கூப்பிட்டார்.

"அந்த முழங்கால் அம்மாவுக்கு இந்த இடத்தைக் கொடுத்துடுங்க. என்னோடதையும் சேர்த்துக் கொடுத்துடுங்க."

"நீங்க எங்க சார் சாப்பிடுவீங்க?"

"மேல," என்றார். எங்கள் ரெண்டு பேருக்கும் கை கொடுத்தார். அவர் கை சில்லென்று இருந்தது.

அவர் போனதும் நான் நாற்காலியைத் தள்ளினேன்.

"மார்வா, சூடா சாக்லெட் கேக் வரப்போகுது!" என்றான் டொயல்.

"நீயே ரெண்டையும் தின்னு," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். இதைப் பார்க்காமல் போமான்ட் போய்ச் சேர்ந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

மேல் கூடத்து வாசலுக்கு எதிரே பயணிகளைப் படம் எடுத்து மாட்டி வைத்திருக்கிற சுவர் உண்டு. யார் யாரோ முகத்தையெல்லாம் பார்க்கிற மாதிரி நின்றுகொண்டேன். வாசலில் பேர் எழுதி மேசை ஒதுக்குகிற மேசைப் பெண்ணிடம் ஆர்லிஸ் பேர் கொடுத்தார்.

"எத்தனை பேர் சார்?"

"தெரியலம்மா."

"தெரியாம எப்படி சார் மேசை போடுறது?"

"போட வேண்டாம். நான் அப்படி உக்காந்திருக்கேன்."

சுவரோரம் இருந்த சோபாவில் உட்கார்ந்தார். உள்ளேயிருந்து ரொட்டி வாசனை வந்துகொண்டிருந்தது. பேர் பேராய்க் கூப்பிட்டார்கள். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் உள்ளே போனார்கள். கைக்கடிகாரத்தைப் பார்ப்பார், கையை இறக்குவார், மறுபடி பார்ப்பார். ஏழு மணி தாண்டியபோது அவர் கால் ஆட ஆரம்பித்தது. போய்விடாதே மனுஷா, போய்விடாதே என்று நான் படத்திலிருந்த யாரோ ஒரு கிழவனிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் போகவில்லை.

எட்டு மணிக்குப் பக்கத்தில் நோரீன் வந்தாள். சோபாவைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"சாப்பிட்டியா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"மணி எட்டாகப் போகுது ஆர்லிஸ்."

"ஆமா."

மேசைப் பெண் உற்சாகமாய், "ரெண்டு பேரா மேடம்? இப்பவே ஒரு மேசை இருக்கு!" என்றாள். ஆர்லிஸ் பழக்க தோஷத்தில் பாதி எழுந்துவிட்டார்.

நோரீன் அவரையே பார்த்தாள். "எனக்கு இன்னும் பசிக்கல," என்றாள்.

பாவி, இவ்வளவு நேரம் காத்திருந்தவனிடம் போய் இப்படியா!

ஆர்லிஸ் மறுபடி உட்கார்ந்தார். "சரி. பசிக்கிறப்ப போலாம்."

"ரொம்ப நேரம் ஆனா?"

"ஆகட்டும்."

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒட்டி உட்காரவில்லை, நடுவில் ஒரு ஆள் உட்காரலாம். அந்த மேசை வேறு யாருக்கோ போயிற்று. அடுத்ததும் போயிற்று. அவர் வயிறு இரைகிற சத்தம் எனக்கே கேட்டது, பக்கத்தில் இருக்கிறவளுக்குக் கேட்காதா? ஆனால் கடிகாரத்தைப் பார்க்கவில்லை அவர். அவள் வந்த பிறகு ஒரு தடவை கூடப் பார்க்கவில்லை. நான் அதைத்தான் கவனித்துக்கொண்டிருந்தேன், அவளும் அதைத்தான் கவனித்துக்கொண்டிருந்தாள்.

வெகுநேரம் கழித்து நோரீன் எழுந்து மேசைப் பெண்ணிடம் போனாள்.

"ரெண்டு பேர்," என்றாள்.

உள்ளே போகிறபோது ரெண்டு பேரும் என்னைத் தாண்டித்தான் போனார்கள். என் கண்ணீரில் படங்கள் எல்லாம் கலங்கிப் போயிருந்தன, காது மட்டும் நன்றாகவே கேட்டது.

"காலைல தங்கச்சிக்கு போன் பண்ணணும்," என்றாள் நோரீன்.

"என்னன்னு சொல்லப் போற?"

"மொதல்ல சாப்பிடலாம். அப்புறம் சொல்றேன்."

"அவசரமில்ல," என்றார் ஆர்லிஸ்.