செம்பில் வெட்டிய ஊர்ப்பெயர்

மாத்தளைச் சரித்திரக் கண்காட்சிக்குப் பழைய சாமான்கள் கேட்டு மக்கீன் மாஸ்டர் எல்கடுவத் தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்புக்கு வந்தபோது, செவனம்மா தன் மாமனாரின் பித்தளைச் செம்பைக் கொடுத்தாள். கொடுத்த பிறகுதான் தப்புச் செய்துவிட்டோமோ என்று தோன்றியது. இலங்கை அரசு இந்தியாவோடு ஒப்பந்தம் போட்டதிலிருந்து, தோட்டத்து ஆட்களில் யாரை இந்தியாவுக்குக் கப்பலேற்றுவார்கள் என்பதே லயத்துப் பேச்சு. செம்பின் கழுத்திலோ மாமனார் இந்தியாவில் புறப்பட்டு வந்த துறையூரின் பெயர் வெட்டியிருந்தது.

கண்காட்சி தொடங்கிய அன்றே பஸ் ஏறி மண்டபத்துக்குப் போனாள். செம்பின் முன்னால் காற்சட்டை போட்ட ஒருவர் குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தார்.

“மாஸ்டர், அவரு யாரு? கவர்மெண்டு கந்தோர்காரரா?”

“பத்திரிகைக்காரர்ம்மா. பயப்படாதீங்க.”

“பத்திரிகையில வந்தா கந்தோர்ல படிக்க மாட்டாங்களா? செம்பக் குடுத்துடுங்க.”

“இந்த ஊரை உண்டாக்கினதுல உங்க ஆட்களுக்கும் பங்கிருக்குன்னு காட்டத்தாம்மா வச்சேன்” என்றபடி மாஸ்டர், எழுத்து சுவர்ப்பக்கம் போகும்படி செம்பைத் திருப்பி வைத்தார்.

அவர் சொன்னது அவளுக்குப் பிடித்திருந்தது. ஆனாலும் நம்பிக்கை வரவில்லை. மண்டபம் பூட்டும் நேரம்வரை செம்பின் பக்கத்திலேயே நின்றாள். பிறகு அதை முந்தானையில் சுற்றி எடுத்துக்கொண்டு கடைசி பஸ்ஸைப் பிடித்தாள்.