இரண்டு தட்டினால் போகலாம்

அழகுமுத்து ஸ்க்ரூ டிரைவரின் மரக் கைப்பிடியைப் பற்களால் கடித்துக்கொண்டு, அதன் முனையை ஓடும் படகு எஞ்சினின் மேல் ஊன்றினார். காதில் ஒன்றும் விழவில்லை. பல்லில் விழுந்தது. டக். டக். டக். தாடை எலும்பு வழியாக ஏறி, கண்ணுக்குப் பின்னால் போய் நின்றது.

ஐந்தடி தள்ளி, இரண்டு வாங்குப் பலகைகளின் மேல் அவர் மனைவி தனலெட்சுமியின் சவப்பெட்டி இருந்தது.

"அக்கா செத்துக் கெடக்குது. நீங்க மோட்டருக்கு வைத்தியம் பாத்துக்கிட்டு இருக்கீங்க மச்சான்!" என்றான் கணேசமூர்த்தி, தனலெட்சுமியின் தம்பி. அழகுமுத்துவிடம் எதையும் கத்தித்தான் சொல்ல வேண்டும். அதனால் இதையும் அவன் கத்தியே சொன்னான். படகுத்துறையில் நின்றவர்கள் தகரக் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தார்கள்.

அழகுமுத்து எஞ்சினை நிறுத்தினார். அது அரைப் பீப்பாய்த் தண்ணீருக்குள் கால் நனைத்தபடி அடங்கியது.

மஸ்கெலியா டவுன் நீர்த்தேக்கத்தின் இந்தக் கரையில் இருந்தது. அவர்களுடைய தேயிலைத் தோட்டத்து லய வீடு அந்தக் கரையில். சுற்றிப் போகும் பாதை போன வாரத்து மழையில் சரிந்து, இன்னும் மண் அள்ளப்படவில்லை. பெட்டியை ஏற்றும் அளவுக்கு வேறு படகும் இல்லை.

"டவுன் மயானத்துலயே அடக்கிருவோம். இந்த மோட்டரு நடுத் தண்ணியில நின்னுச்சின்னா என்னா செய்வீங்க?"

"நாலு மணிக்குள்ள சரியாகிரும்," என்றார் அழகுமுத்து. "அவ சின்னவன் பக்கத்துலதான் படுக்கணும்."

சின்னவன் அவர்களுடைய இளைய மகன்; இரண்டு வயதில் காய்ச்சலில் போனவன். அந்தக் கரை மயானத்தில் ஒரு சைப்பிரஸ் மரத்தடியில் கிடக்கிறான். தனலெட்சுமி முப்பது வருடமாக, அரிசி முடிந்துவிட்டது என்று சொல்லும் அதே குரலில் சொல்லிவந்தாள்: "என்னைய அவன் பக்கத்துல போட்டுருங்க."

அந்தத் தட்டலை முதலில் கேட்டவளும் அவள்தான்.

படகில் அவளுடைய இடம் நடுப்பலகை. ஆட்கள் ஏறியதும், பஸ் கண்டக்டரைப் போலப் பலகையில் இரண்டு தட்டுவாள். போகலாம். ஒன்று தட்டினால், நிறுத்து. இருபது வருடம் எஞ்சினுக்குப் பக்கத்தில் நின்று செவி மங்கிப்போன அழகுமுத்து, அதை வெறுங்காலால் கேட்பார்.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு நாள், பாதி வழியில் ஒன்று தட்டி நிறுத்தினாள்.

"என்னாங்க, அடியில யாரோ தட்டுறாங்க."

அடியில் பழைய டவுன் இருக்கிறது. அணை கட்டியபோது மூழ்கிய கடைகளும் ஒரு கோயிலும். வெயில் காலத்தில் நீர் இறங்கினால் கோயிலின் சுவர் தலைகாட்டும். அதனால் படகில் இருந்த பெண்கள் யாரும் சிரிக்கவில்லை. ஒருத்தி தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

டவுனில் மோட்டார் சாமான் கடை வைத்திருக்கும் ரிஸ்வி வந்து பார்த்தான். புரொப்பெல்லரில் பழுதில்லை. எஞ்சினைப் படகோடு பிடிக்கும் நட்டுகளை முறுக்கினார்கள். தட்டல் போகவில்லை. பிறகு தனலெட்சுமி இந்த ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியைக் காதில் வைத்து, முனையை எஞ்சினின் மேல் ஒவ்வோர் இடமாக நகர்த்தினாள். ரிஸ்வி ஒரு பிளக்கின் வயரைக் கழற்றினான்.

"இப்ப கொறையுதா அக்கா?"

"இல்ல."

அதை மாட்டிவிட்டு மற்றதைக் கழற்றினான். "இப்ப?"

"இல்ல தம்பி. அப்படியேதான் தட்டுது. அவசரமில்லாம தட்டுது."

"பிஸ்டன் பக்கத்துல பழுதுன்னா வயரக் கழட்டுனதும் சத்தம் மாறணும். மாறல. அப்ப இது பேலன்சர்," என்றான் ரிஸ்வி. "பிஸ்டன் ஒரு பக்கம் குதிச்சா அது எதிர்ப் பக்கம் குதிக்கும். அதுனாலதான் எஞ்சின் உதறாம ஓடுது. அதோட பேரிங் தேஞ்சிருச்சு."

"இவரு மேல குதிச்சா அது கீழ இழுத்துப் பிடிக்குமா? அப்ப அதுதான் இந்த மோட்டருக்குப் பொண்டாட்டி."

ரிஸ்வி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அழகுமுத்து ஒன்றும் விளங்காமல் விழிக்க, அவள் எழுந்து அவர் காதருகே போய், துறை முழுவதும் கேட்கும்படி அதையே மறுபடி கத்தினாள்.

சாமான் நீர்கொழும்பிலிருந்து வர வேண்டியிருந்தது. "அது வர்ற வரைக்கும் மெதுவா ஓட்டுங்க அண்ணே. வேகங் குடுத்தா உள்ளுக்குள்ளயே ஒடைஞ்சிரும்."

மெதுவாகத்தான் ஓட்டினார். முந்தாநாள் காலை தனலெட்சுமி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்துவிட்டபோதும், சாக்கு விரித்து அவளைப் படகில் படுக்கவைத்து, டவுன் ஆஸ்பத்திரிக்கு மெதுவாகத்தான் ஓட்டினார். படகில் வேறு யாரும் இல்லை. தட்டல் கூடுகிறதா குறைகிறதா என்பது அவருக்குத் தெரியாது. அவளுக்குத்தான் தெரியும். அவள் ஒரு கையைப் பலகையில் வைத்திருந்தாள். தட்டல் கனக்கும்போதெல்லாம் விரல் முட்டியால் ஒன்று தட்டினாள். அவர் வேகத்தைக் குறைத்தார். கால் மணி நேர வழி நீண்டுகொண்டே போனது. கோயிலுக்கு மேலே வந்தபோது அவள் தட்டுவது நின்றது. எஞ்சினின் சத்தம் அடங்கிவிட்டது என்று நினைத்து, அவர் வேகம் கொடுத்தார். எஞ்சின் உடையவில்லை. படகு கரை வரைக்கும் பறந்தது.

அவள் உயிர் போய்விட்டதைக் கரையில் இறக்கியவர்கள்தான் அவருக்குச் சொன்னார்கள்.

அவள் தட்டுவது நின்றதும் வேகம் கொடுத்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லை. கொழும்பிலிருந்து ராத்திரி பஸ்ஸில் வந்து சேர்ந்த மகள் சர்மிளாவிடமும் சொல்லவில்லை.

சாமான் இன்று காலை ஹட்டன் பஸ்ஸில் வந்தது. ரிஸ்வி அதைப் பேப்பரில் சுற்றியபடியே கொண்டுவந்தான். பெட்டியைப் பார்த்துவிட்டு, பொதியை நீட்டினான்.

எஞ்சினைப் பிரித்தார்கள். பழைய பேலன்சர் கையோடு வந்தது. அதைத் தாங்கும் பேரிங்கில் விரல் நுழையும் அளவுக்கு ஆட்டம் இருந்தது.

"இன்னொரு வாட்டி தாங்கியிருக்காது அண்ணே," என்றான் ரிஸ்வி. "முந்தாநாளு எப்படித் தாங்குச்சின்னே தெரியல."

அழகுமுத்து கைகளை மண்ணெண்ணெயில் கழுவினார். கழுவி முடித்துவிட்டு, இன்னொரு தரம் கழுவினார்.

புதியதைப் பொருத்தும்போது சர்மிளா டார்ச் பிடித்தாள். ஒரு பல்சக்கரத்தில் ஒரு புள்ளி, எதிர்ச்சக்கரத்தில் ஒரு புள்ளி. இரண்டும் நேருக்கு நேர் நிற்க வேண்டும்.

"ஒரு பல்லு தள்ளிப்போயிருச்சுப்பா."

"எங்க?"

"இந்தா. பாருங்க."

அவருக்குப் புள்ளிகள் தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். அப்போதும் தெரியவில்லை. சர்மிளா அவர் கையை விலக்கிவிட்டு, தானே ஒரு பல் திருப்பி வைத்தாள்.

மூன்றரைக்கு எஞ்சின் பீப்பாயில் ஓடியது. அழகுமுத்து கைப்பிடியைக் கடித்தார். பல்லில் மெல்லிய நடுக்கம் மட்டுமே இருந்தது, தூங்கும் பூனையின் முதுகைத் தொட்டதுபோல.

"தட்டுதா?" என்று சர்மிளாவிடம் கேட்டார்.

"இல்லப்பா."

"ரிஸ்வி?"

"இல்ல அண்ணே. பட்டு மாதிரி ஓடுது."

கணேசமூர்த்தியிடம் ஸ்க்ரூ டிரைவரை நீட்டினார். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றான். பிறகு வாங்கி, காதில் வைத்து, நெடுநேரம் கேட்டான்.

"இல்ல மச்சான். சுத்தமா இருக்கு."

அப்போதும் அழகுமுத்து எஞ்சினை நிறுத்தவில்லை. கொட்டகையில் கேட்பதற்கு இன்னும் ஒருவர்தான் பாக்கி.

எஞ்சினைப் படகில் மாட்டி, பெட்டியை நீளவாக்கில் ஏற்றினார்கள். நடுப்பலகை பெட்டிக்கு அடியில் மறைந்தது. கணேசமூர்த்தியும் ரிஸ்வியும் ஆளுக்கொரு பக்கம் நின்று அதைப் பிடித்துக்கொண்டார்கள். சர்மிளா தலைமாட்டில் உட்கார்ந்தாள். மழைமூட்டம் மலையிலிருந்து இறங்கி, தேயிலையை மூடி, தண்ணீரின் மேல் நின்றது. அந்தக் கரையில் தப்பு மேளம் அடிப்பவர்களின் கைகள் மேலும் கீழும் போவது மட்டும் அழகுமுத்துவுக்குத் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் அதையும் பனி மூடியது.

படகு போனது. மூன்று வாரமாகக் காலுக்குப் பழகிப்போன அதிர்வு இல்லை. தண்ணீரைத் தொடாமல் போவதுபோல இருந்தது.

கோயிலுக்கு மேலே வந்ததும் எஞ்சினை நிறுத்தினார். பெட்டி ஏற்றிய படகு எல்லாம் அங்கே நின்றுதான் போகும். கீழே இருக்கும் சாமிக்குச் சூடம் காட்டாமல் கடப்பதில்லை. சர்மிளா வெற்றிலையில் சூடம் ஏற்றி, காற்றுக்கு இரண்டு கைகளாலும் மறைத்து, நீரில் விட்டாள். அது எரிந்தபடி சுழன்று, பனிக்குள் போய் மறைந்தது.

இனிப் புறப்படலாம். அழகுமுத்து எஞ்சின் கயிற்றைப் பிடித்தார். இழுக்கவில்லை.

"அப்பா!"

ரிஸ்வியின் உதடுகள் அசைந்தன. கணேசமூர்த்தி திரும்பிப் பார்த்தான். நீரோட்டத்தில் படகு மெல்லப் பக்கவாட்டில் திரும்பியது. கரை எந்தப் பக்கம் என்று யாருக்கும் தெரியவில்லை.

"எடுங்கப்பா. இருட்டிரும்."

அவருக்கு மகளின் முகம் தெரிந்தது. அவள் சொல்வதும் விளங்கியது. ஆனால் கை இழுக்கவில்லை. இருபது வருடத்தில் ஒரு தடவைகூட அது தானாக இழுத்ததில்லை. அவர் தலையைக் குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

டக். டக்.

உள்ளங்காலில் விழுந்தது. இரண்டு. அவசரமில்லாமல்.

அவர் நிமிர்ந்தார். கணேசமூர்த்தியின் கைகள் இரண்டும் பெட்டியின் மேல் இருந்தன. ரிஸ்வியின் கைகளும் அப்படியே. சர்மிளா ஈரக் கைகளை முழங்காலில் கோத்து வைத்திருந்தாள். கால்களை யாரும் அசைக்கவில்லை. எஞ்சின் நின்றபடிதான் இருந்தது.

அழகுமுத்து கயிற்றை இழுத்தார். முதல் இழுப்பிலேயே எடுத்தது.

கரை தெரிவதற்கு முன்பே, காலில் எதையோ கேட்டவர்போல, வேகத்தைக் குறைத்தார். "என்னாச்சு மச்சான்?" என்று கணேசமூர்த்தி கத்தினான். அவன் கேட்டு முடிப்பதற்குள் பனி விலகி, துறையின் கற்கள் இரண்டு முழம் முன்னால் நின்றன. படகு இடிக்காமல் போய் ஒட்டியது.

சைப்பிரஸ் மரத்தடியில் அடக்கம் முடிந்தது. வாய்க்கரிசி போடும்போது அழகுமுத்துவின் விரல்களில் இன்னும் மண்ணெண்ணெய் மணந்தது. பழைய பேலன்சர் சட்டைப் பையில் கிடந்து நெஞ்சில் இடித்தது. அவர் அதை வெளியே எடுக்கவில்லை.

ரிஸ்வியை டவுனில் விட வேண்டியிருந்தது. வெளிச்சம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. சர்மிளா துறை வரைக்கும் வந்து நின்றாள்.

"நீங்க போகவேணாம்பா. மாமா ஓட்டிக்கிட்டுப் போகட்டும்."

அவர் கேட்காததுபோல எஞ்சினைத் தண்ணீரில் இறக்கினார். ரிஸ்வி ஏறி, நடுப்பலகையில் உட்காரப் போனான். அழகுமுத்து தலையை அசைத்து, முன்பக்கத்தைக் காட்டினார். ரிஸ்வி ஒன்றும் கேட்காமல் முன்னால் போய் உட்கார்ந்தான்.

அழகுமுத்து செருப்பைக் கழற்றிவிட்டு, கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, வெறுங்காலைப் பலகையில் ஊன்றி நின்றார்.