எல்லாரும் இறங்கணும்

அப்பா ஹிஞ்சேவாடி ஐடி கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றி ஓட்டிய கார், மலர்க்கொடியைப் பட்டதாரியாக்கிய கார். இன்று அதைச் சித்தப்பா ஓட்டினார். இந்திராயணி ஆற்றில் கரைக்க வேண்டிய அப்பாவின் சாம்பல் அவள் மடியில், மண்சட்டியில் இருந்தது. அப்பா போனதிலிருந்து அவளுக்கு அழுகையும் வரவில்லை, பசியும் வரவில்லை.

ஆற்றங்கரை ஊரான ஆளந்திக்குப் போகும் வழியில் சிஎன்ஜி பம்பில் வண்டி நின்றது. கேஸ் நிரப்பும்போது உள்ளே யாரும் இருக்கக் கூடாது. அம்மாவும் சித்தப்பாவும் இறங்கினார்கள். மலர்க்கொடி அசையவில்லை.

"மேடம், உத்ரா!" என்று பம்ப்காரன் அவளை இறங்கச் சொல்லிக் கத்தினான்.

"இறங்குடி. மழ கொட்டுனாலும் நம்மள வெளிய நிக்க வெச்சிட்டுத்தானே உங்கப்பா கேஸ் போடுவாரு?" என்றாள் அம்மா.

மலர்க்கொடி சட்டியோடு இறங்கினாள்.

"அத சீட்லயே வெச்சிட்டு வாம்மா, கை வலிக்கும்" என்றார் சித்தப்பா.

"உங்கண்ணன மட்டும் உள்ள விட்டுட்டு வரச் சொல்றீங்களா?" என்றாள் மலர்க்கொடி.

சித்தப்பா கார்க் கதவைச் சாத்தினார். மஞ்சள் கோட்டுக்கு அப்பால் அம்மா நகர்ந்து இடம் விட்டாள். கேஸ் ஏறும் இரைச்சல் அடங்கும்வரை நாலு பேரும் அங்கேயே நின்றார்கள். அப்போதும் மலர்க்கொடிக்கு அழுகை வரவில்லை.