அனைவரும் குடும்பத்துடன் வருக

எங்கள் நகரசபை இசை விழா நடத்துவதே ஒரு கூத்து. பாட்டு இலவசம், நாற்காலி இலவசம், குடிக்கத் தண்ணீரும் இலவசம். அப்படியும் ஆள் வர மாட்டேன் என்கிறது. போன வருடம் கீழே இருந்தவர்களைவிட மேடையில் இருந்தவர்கள் அதிகம். "இந்தத் தடவையும் மைதானம் காலியா கிடந்தா அடுத்த வருஷம் விழாவே கிடையாதுன்னு சபையில சொல்லிட்டாங்க" என்று கலைப் பிரிவு அதிகாரியம்மா என்னைப் பார்க்கும்போதெல்லாம் புலம்பினார். நான் மைக்செட் கட்டுகிறவன். என்னிடம் புலம்பி என்ன ஆகப்போகிறது?

ஆனால் இந்த வருடம் விழா எனக்கும் வேண்டியிருந்தது. கடைசிப் பாட்டை என் அக்கா பாடுவதாக ஏற்பாடு.

அக்காதான் என்னை வளர்த்தவள். நன்றாகப் பாடுவாள். அத்தான் ஒரு காலையில் முகச்சவரம் செய்துகொண்டிருந்தவர், பாதி முகத்தில் சோப்பு நுரையோடு அப்படியே சரிந்து போய்விட்டார். அன்றிலிருந்து அக்கா பாட்டையும் விட்டாள், பேச்சையும் விட்டாள். சாப்பிடு என்றால் சாப்பிடுவாள், தூங்கு என்றால் கண்ணை மூடிக்கொள்வாள். அவளை என் வீட்டுக்கு அழைத்து வந்து, அத்தானின் சாமான்களை எல்லாம் ஓர் அறையில் வைத்துக் கொடுத்தேன். அந்த அறைக்கு வெளியே அவள் இருப்பதே இல்லை. ஒரு தடவை மேடை ஏறிவிட்டால் பழைய அக்கா திரும்பி வந்துவிடுவாள் என்று நம்பினேன். அதற்காக அதிகாரியம்மாவின் காலில் விழாத குறையாகக் கெஞ்சித்தான் அந்தக் கடைசிப் பாட்டை வாங்கினேன்.

விழா அன்று மதியம், மைதானத்தில் பெட்டிகளை எல்லாம் கட்டி முடித்துவிட்டுச் சத்தம் சரிபார்க்கப் போனேன். எங்கள் மைதானத்தில் அதற்கு ஒரு முறை இருக்கிறது. மேடைக்கு எதிரே நூலகத்தின் நீளச் சுவர். மைதானம் காலியாக இருக்கும்போது மேடையில் நின்று கையைத் தட்டினால் அந்தச் சுவர் அதைத் திருப்பித் தட்டும். ஆட்கள் வந்து உட்கார உட்கார எதிரொலி தேய்ந்து போகும். மனித உடம்பு சத்தத்தைக் குடிக்கும். கூட்டம் எவ்வளவு என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம்.

கையைத் தட்டினேன். ஒன்றும் திரும்பி வரவில்லை.

இன்னொரு தடவை பலமாகத் தட்டினேன். பஞ்சு மூட்டைக்குள் தட்டியதுபோல் அமுங்கிப் போனது. மைக்கை எடுத்து "ஹலோ, ஹலோ" என்றேன். என் குரல் முதல் வரிசை நாற்காலிகளைத் தாண்டியதும் காணாமல் போயிற்று. வயர், பெட்டி, ஆம்ப்ளிபயர் எல்லாவற்றையும் பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தன. வெயிலில் காலி நாற்காலிகள் பளபளத்துக்கொண்டு கிடந்தன. ஆனால் சத்தத்தை வைத்துச் சொல்வதென்றால், அந்த மைதானத்தில் உட்கார இடம் இல்லை.

அப்போதுதான் விளம்பர வண்டிக்காரர் வந்து சேர்ந்தார். அவரை நாங்கள் எல்லோரும் கொட்டாவி என்றுதான் கூப்பிடுவோம். ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே தூங்கக்கூடிய ஆள். அதிகாரியம்மா அவரைப் பிடித்துக்கொண்டார்.

"எல்லாத் தெருவுலயும் சொல்லிட்டீங்களா?"

"ஒரு தெரு விடலைம்மா. தொண்டை வேற கட்டிப்போச்சு."

"பதிவு பண்ணின கேசட்டுதானே ஓடுது, உங்க தொண்டை ஏன் கட்டுது?" என்றேன் நான்.

அவர் தலையைச் சொறிந்தார். "நேத்து சாப்பிட்டதும் கொஞ்சம் அசந்துட்டேன் தம்பி. ஊர்ல எங்க மர நிழல் இருக்கு? கல்லறைத் தோட்டத்துக்குள்ளதான் இருக்கு. உள்ள கொண்டுபோய் நிறுத்திட்டுப் படுத்தேன். எழுந்து பார்த்தா சாயங்காலம் ஆயிடுச்சு."

"கேசட்டு?"

"அதை நிறுத்த மறந்துட்டேன். அது பாட்டுக்கு ஓடிட்டே இருந்துச்சு. நேத்து மட்டும் இல்ல, இந்த வாரம் பூரா அங்கதான் தூக்கம்."

அதிகாரியம்மா விழுந்து விழுந்து சிரித்தார். "அங்க இருக்கறவங்களாவது வரட்டும், விடுங்க!" நானும் சிரித்தேன். சிரிப்பைப் பாதியில் நிறுத்தினேன். அந்தக் கேசட்டில் பேசுவது என் குரல்தான். நான்தான் பதிவு செய்து கொடுத்தேன். 'அனுமதி இலவசம். அனைவரும் குடும்பத்துடன் வருக. உங்களை அன்போடு எதிர்பார்க்கிறோம்.' அந்த மரங்களில் ஒன்றின் அடியில்தான் அத்தான் இருக்கிறார்.

நேரே அக்காவிடம் போனேன். மேடைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தாள். தலைவாரி, எப்போதோ மடித்து வைத்த நீலப் புடவையைக் கட்டியிருந்தாள்.

"அக்கா, இன்னைக்குப் பாட வேண்டாம். உடம்பு சரியில்லைன்னு சொல்லிடறேன். வா, வீட்டுக்குப் போகலாம்."

அவள் என்னைப் பார்த்தாள். பல மாதமாக என் முகத்தில் பதியாத கண்கள் அன்று பதிந்தன.

"பாட்டுக் கேக்கன்னு இவ்வளவு பேர் வந்து உக்காந்திருக்காங்க. வேண்டாம்னு சொன்னா நல்லாவாடா இருக்கும்?" என்றாள்.

கொட்டகைக்கு வெளியே அப்போது ஈ காக்கை கிடையாது.

வெயில் தாழ்ந்ததும் மெய்யான கூட்டம் வரத் தொடங்கியது. மோசமில்லை, குழந்தை குட்டிகளோடு வந்தார்கள். ஆனால் எல்லோரும் ஓரத்து நாற்காலிகளாகப் பார்த்து உட்கார்ந்தார்கள். ஓரம் நிரம்பியதும் சுவரோரம் நின்றார்கள். மைதானத்தின் கடைசியில் என் மேசை. அங்கிருந்து பார்த்தால் நடுவில் முழுக்கக் காலி நாற்காலிகள். "முன்னால போய் உக்காருங்களேன், அவ்வளவு இடம் இருக்கே" என்று என் பக்கத்தில் நின்ற ஒருவரிடம் சொன்னேன்.

"இல்ல, அங்க ஆள் இருக்காம்."

"யார் சொன்னது?"

அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி பக்கத்து அம்மாளைப் பார்த்தாள். அந்த அம்மாளுக்கும் தெரியவில்லை. இதற்கு நடுவில் அறிவிப்பாளர் மேடையிலிருந்து இறங்கி வந்து, "லைட்டு கண்ணைக் கூசுது, முகம் தெரியல. ஆனா நடுவுல என்னா கூட்டம் சார்!" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

கடைசியாக அக்கா வந்தாள். பாடினாள். எப்படிப் பாடினாள் என்று சொல்ல எனக்கு வராது. என் கண்ணில் நீர் கொட்டிக்கொண்டே இருந்தது, சத்தத்தை ஏற்றி இறக்கக்கூடக் கை வரவில்லை. அவள் எங்கள் பக்கமே பார்க்கவில்லை. நடுவில் ஒரே ஒரு நாற்காலியைப் பார்த்துப் பாடினாள். அத்தான் எப்போதும் கூடவே முணுமுணுத்து ஒரு வரியில் தப்பாகப் போவார், அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். அந்த வரி வந்தபோது அவள் சிரித்தாள்.

பாட்டு முடிந்தது. ஓரத்தில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். அறிவிப்பாளர் மைக்கைப் பிடித்து, "வந்திருந்த அனைவருக்கும் நன்றி. எல்லாரும் அவங்கவங்க குடும்பத்தோட பத்திரமா போய்ச் சேருங்க!" என்றார்.

அக்காவுக்கு முழங்கால் வலி உண்டு. அத்தான் இருந்தவரை மேடையின் முன்பக்கம் வந்து கை கொடுத்து இறக்குவார். அவள் பக்கத்துப் படிக்கட்டுக்குப் போகவில்லை. நேரே மேடை விளிம்புக்கு வந்தாள். கையை நீட்டினாள். மார்பளவு உயரத்திலிருந்து, ஒரு படி இறங்குகிறவளைப்போல நிதானமாக இறங்கித் தரையில் நின்றாள். கீழே யாரும் இல்லை. பிறகு, நீட்டிய கையை மடக்காமல், காலி நாற்காலிகளுக்கு நடுவே மறுபக்கத்து வாசலை நோக்கி நடந்தாள். அந்த வாசலுக்கு வெளியே ஒரே ரோடுதான். அது எங்கே போகிறது என்று ஊருக்கே தெரியும்.

"அக்கா!" என்று கத்தினேன். திரும்பவில்லை. ஓடிப்போய்ப் பிடிக்கிற தூரத்தில் அவள் இல்லை. அவளைச் சுற்றி நாற்காலிகள் ஒவ்வொன்றாக லேசாக நகர்ந்துகொண்டிருந்தன. என் மேசையில் ஒரு மைக் இருந்தது. எடுத்தேன்.

"அத்தான்!" மைதானம் முழுக்க என் குரல் கேட்டது. "அவளைக் கூட்டிட்டுப் போயிடாதீங்க. எனக்கு அவளை விட்டா யாரும் இல்லை. உங்களால பிரிஞ்சு இருக்க முடியலைன்னா நீங்க நம்ம வீட்டுக்கு வாங்க. உங்க சாமான் எல்லாம் அப்படியேதான் இருக்கு. வாங்க அத்தான்!"

நாடகம் ஏதோ நடக்கிறது என்று நினைத்து யாரோ கைதட்டினார்கள். அக்கா நின்றாள். பக்கத்தில் யாரோ பேசுவதைக் கேட்பதுபோல் தலையைச் சாய்த்தாள். பிறகு திரும்பி, சிரித்த முகத்தோடு என்னிடம் வந்தாள். என் கன்னத்தைத் துடைத்துவிட்டு, "ஏன்டா இப்படி அழறே, பைத்தியமே" என்றாள். பழைய அக்காவின் குரல். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பெட்டிகளை எல்லாம் அப்படியே போட்டுவிட்டு அவளை இழுத்துக்கொண்டு என் வேனுக்குப் போனேன்.

முன்சீட்டில் மூன்று பேர் உட்காரலாம். அக்கா ஏறி, ஜன்னலோரம் உட்காராமல் கியருக்கு ஒட்டினாற்போல் என் பக்கம் நெருங்கி உட்கார்ந்தாள். நான் எட்டிக் கதவைச் சாத்தப் போனேன்.

"இருடா" என்று கையைப் பிடித்தாள். "கூப்பிட்டது நீதானே?"

வேன் அந்தப் பக்கமாக ஒரு தரம் மெல்லத் தாழ்ந்தது. சோப்பு நுரை வாசனை வந்தது.

"ம், இப்ப சாத்து" என்றாள் அக்கா.